பல்லாண்டுக் கீரைகளும் கிழங்குக் கொடிகளும்: அறிகுறி பார்த்துக் கோளாறு தீர்க்கும் வழிமுறை

ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் பறிக்கலாம் என்ற ஆசையில்தான் தவசிக்கீரை, லச்சகொட்டைக் கீரை, சாயா, பிரண்டை, தூதுவளை, சிறகவரை, பழுபாகல், காய்வள்ளி போன்ற, சந்தையில் எளிதில் கிடைக்காத செடிகளைத் தேடிப்பிடித்து வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறோம். சில மாதங்களிலேயே இலை மஞ்சளாகிறது, கொடி காய்கிறது, பூத்தது உதிர்கிறது என்ற கவலை தொடங்கிவிடுகிறது. திண்டுக்கல் பக்கத்துச் செம்மண்ணில் இவற்றைப் பல ஆண்டுகள் வளர்த்த அனுபவத்தில் சொல்வதானால், இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை நோயினாலோ பூச்சியினாலோ வருபவை அல்ல. கத்தரியையும் வெண்டையையும் வளர்த்துப் பழகிய கையோடு, மூன்று மாதப் பயிருக்குக் காட்டும் நீரையும் உரத்தையும் அவசரத்தையும் பல்லாண்டுச் செடியிடமும் காட்டிவிடுவதால் வருபவை.

ஆகவே எந்தக் கரைசலையும் கலக்குவதற்கு முன் மூன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது என்ன மாதம் என்பது முதலாவது. பாதிப்பு கொழுந்தில் தொடங்கியதா, அடியிலையில் தொடங்கியதா என்பது அடுத்தது. வேரருகே விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தால் மண் ஈரமாக இருக்கிறதா என்பது மூன்றாவது. கீழே வரும் அறிகுறிகள் பலவற்றுக்கும் விடை இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

நட்ட போத்து துளிர்த்துவிட்டுப் பிறகு கருகுகிறது

தவசி, லச்சகொட்டை, சாயா ஆகிய மூன்றையும் விதையிலிருந்து வளர்ப்பவர்கள் அரிது. போத்து, அதாவது வெட்டியெடுத்த தண்டுத் துண்டு, நட்டுத்தான் வளர்க்கிறோம். நட்ட பத்து நாளில் இரண்டு மூன்று துளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டது என்று எண்ணி நீரைக் கூட்டுகிறோம், வெயிலுக்கு நகர்த்துகிறோம். இரண்டு வாரம் கழித்துத் துளிர் வாடித் தொங்குகிறது. அந்த முதல் துளிர், தண்டில் ஏற்கெனவே சேர்ந்திருந்த உணவிலிருந்து வந்தது. அதற்கும் வேருக்கும் தொடர்பில்லை. வேர் வருவதற்குள் இலைகள் பெருகினால், உறிஞ்சித் தர ஆளில்லாத நீரை அவை ஆவியாக்கி, தண்டையே வற்றச் செய்துவிடும்.

முதலில் போத்தின் நடுப்பகுதியில் நகத்தால் மெல்லக் கீறிப் பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. வாடிய துளிரைக் கிள்ளி எறிந்துவிட்டு, நிழலில் வைத்து, மண் உலர்ந்தபின் மட்டும் நீர் விட்டால் மறுபடி துளிர்க்கும். பழுப்பாக இருந்தால் மேலிருந்து கீழாகக் கீறிக்கொண்டே வர வேண்டும். பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே சீவிவிட்டு, வெட்டுவாயில் சாணியை அப்பினால் மீதித் தண்டு தப்பிக்கலாம். அடிமுனையைப் பிடுங்கிப் பார்த்தால் காரணமும் தெரிந்துவிடும். கறுத்து, அழுத்தினால் நசுங்கி, புளித்த வாடை வந்தால் நீர் மிகுந்து அழுகியிருக்கிறது. உலர்ந்து, உள்ளே கூடாகி, மண் அப்பியிருந்தால் அது கரையானின் வேலை. செம்மண்ணில் இரண்டாவதுதான் அதிகம். நடும் குழியில் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு இட்டால் பெருமளவு தடுக்கலாம்.

சாயாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெக்சிகோவின் யுகடான் பகுதி மாயா மக்களின் கீரையான இது, ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெட்டினால் பால் வடியும். எனக்கு முதன்முதலில் கிடைத்த ஆறு போத்துகளை வாங்கிய அன்றே நட்டு, காலையும் மாலையும் நீர் விட்டேன். மூன்று வாரத்தில் நான்கு அழுகிப்போயின. பிறகு கற்றுக்கொண்ட முறை இது: கட்டைவிரல் பருமனில் முதிர்ந்த தண்டை ஒரு முழம் நீளத்தில் வெட்டி, இலைகளை நீக்கி, நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் சாய்த்து வைத்தால், வடிந்த பால் காய்ந்து வெட்டுவாய் தோல் போல மூடிக்கொள்ளும். அதன்பின் மணல் கலந்த மண்ணில் மூன்று கணு உள்ளே போகுமாறு நட்டு, நட்ட அன்று ஒருமுறையும் அதன்பின் மேல்மண் நன்றாக உலர்ந்தபிறகும் மட்டும் நீர் விட வேண்டும். ஐப்பசி அடைமழையில் சாயாப் போத்து நடுவது வீண். தை, மாசியில் நடுவது நல்லது. தவசியும் லச்சகொட்டையும் இவ்வளவு பார்ப்பதில்லை. அவற்றை வெட்டிய அன்றே, மேகமூட்டமுள்ள ஆடி, ஆவணியில் நட்டுவிடலாம்.

இலை மஞ்சளாகிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வியும் இதுதான், அதிகம் தவறாக மருத்துவம் பார்க்கப்படும் அறிகுறியும் இதுதான். கேட்பவர் வைத்திருப்பது லச்சகொட்டைக் கீரை என்றால் நான் முதலில் கேட்பது, செடி வெயிலில் நிற்கிறதா என்பதைத்தான். நல்ல வெயிலில் இந்தக் கீரையின் இலை வெளிறிய மஞ்சள் கலந்த இளம்பச்சையாக இருப்பதே இயல்பு. தூரத்திலிருந்து பார்த்தால் மரமே பூத்தது போலத் தெரியும். நிழலில் வைத்தால் அதே செடி பச்சையாகிவிடும். இதை ஊட்டக்குறை என்று நினைத்து யூரியா வாங்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இலை தடிப்பாக, முழு அளவில், புள்ளியும் கருகலும் இல்லாமல் இருந்தால் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, பறித்துச் சமைக்கலாம்.

மற்ற செடிகளில் மஞ்சள் எங்கே தொடங்கியது என்பதைப் பார்க்க வேண்டும். அடியிலைகள் ஒரே சீராக வெளிறி மேலே கொழுந்து பச்சையாக இருந்தால், தழைச்சத்து போதவில்லை. மாதம் இருமுறை அறுவடை செய்யும் கீரைச் செடி மண்ணிலிருந்து சத்தை எடுத்துக்கொண்டே இருக்கிறது. நாம் ஒருமுறை அடியுரம் போட்டதோடு மறந்துவிடுகிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரமும், கவாத்து செய்த கையோடு ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யமும் கொடுத்தால் போதும்.

இதற்கு நேர்மாறாக, அடியிலை பச்சையாக இருக்க, கொழுந்திலை மட்டும் மஞ்சளாகி அதன் நரம்புகள் பச்சைக் கோலம் போட்டாற்போலத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணும் கடினமான போர்வெல் நீரும் அதைச் செடி எடுக்க முடியாத வடிவில் பூட்டி வைத்திருக்கின்றன. தழைச்சத்துக் குறை என்று எண்ணி மேலும் மேலும் எருவைக் கொட்டுவதால் கொழுந்து உடனே தேறாது. அவசரத்துக்கு ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை, அதாவது இரும்பு சல்பேட்டைக் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலையில் இலைமேல் தெளிக்கலாம். புதிய கொழுந்து பத்து நாளில் பச்சையாக வரும், தெளித்த இலைகளைப் பத்து நாள் பறிக்காமல் விட வேண்டும். நிரந்தரத் தீர்வு, மூடாக்கை, அதாவது மண்ணை மூடும் சருகை, விடாமல் போட்டு மண்ணில் மக்கைக் கூட்டுவதும், மழைநீரைச் சேமித்து இந்தச் செடிகளுக்கென்று ஒதுக்குவதும்தான். குரோ பேக்கின் மேல் விளிம்பில் வெள்ளைப் படலம் படிந்து, இலையோரம் தீய்ந்தது போல இருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். நல்ல மழை நாளில் பையைத் திறந்தவெளியில் வைத்து, அடியில் நீர் வழிந்தோடும்படி விட்டால் உப்பு கழுவிப்போகும்.

மேல், கீழ் என்று பாராமல் எல்லா இலைகளும் ஒருசேர மஞ்சளாகி, மண்ணும் ஈரமாகவே இருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. நீரை நிறுத்துவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

கொடி முழுவதும் காய்ந்துவிட்டது

காய்வள்ளியும் பழுபாகலும் மண்ணுக்கடியில் கிழங்கு வைத்து உறங்குபவை. கார்த்திகை முடியும்போது இலை அடியிலிருந்து மேலாக மெல்ல வெளிறி, மார்கழி, தையில் கொடி கயிறு போலக் காய்ந்துவிடும். செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்களும் உண்டு. பிழைக்க வைக்கிறேன் என்று தினமும் நீர் ஊற்றி, உறங்கும் கிழங்கை அழுக வைப்பவர்கள் அவர்களைவிட அதிகம். கொடி காய்ந்ததும் நீரை அடியோடு நிறுத்தி, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்து, இடத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்து, மேலே இரண்டங்குலம் காய்ந்த சருகைப் பரப்பி விட்டுவிட வேண்டும். கோடை மழை விழுந்ததும் சித்திரை, வைகாசியில் தானே முளைக்கும். கொடியிலிருந்து பறித்த வள்ளிக்காய்களும் (காய்வள்ளிக் கொடியில் காய் போலத் தொங்கும் கிழங்குகள்) அதுவரை முளைக்காது. ஈர மண்ணில் புதைத்துவிட்டு வாரம் ஒருமுறை தோண்டிப் பார்ப்பதைவிட, காற்றோட்டமான மூலையில் உலர்ந்த மணலில் வைத்திருந்து, முனையில் முளை தெரிந்தபின் நடுவது மேல்.

ஆனால் கொடி இதேபோல ஆடி, ஆவணியில், அதுவும் இரண்டு மூன்று நாளில் திடீரென்று காய்ந்தால் அது உறக்கம் அல்ல. அடியில் ஒரு பக்கம் மட்டும் மண்ணை விலக்கிக் கிழங்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால், தண்டை எலியோ பெருச்சாளியோ கடித்திருக்கிறதா என்று தேடலாம்; கொடி மறுபடி கிளம்பும். கொழகொழவென்று நாறினால் அழுகல். நல்ல பகுதியை வெட்டியெடுத்து, வெட்டுவாயில் சாம்பல் தடவி உலர்த்தி, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழுவுரம் இட்ட வேறொரு மேட்டுப்பாத்தியில் நட வேண்டும். பழைய குழியில் மீண்டும் நடக்கூடாது.

பிரண்டை கோடையில் இலையெல்லாம் உதிர்த்து வெறும் தண்டாக நிற்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

தழைத்து வளர்கிறது, பூக்கவே இல்லை

சிறகவரையைப் பற்றித்தான் இந்தக் குறை வரும். இலை, பூ, பிஞ்சு, விதை, கிழங்கு என எல்லாமே உண்ணத்தக்க இந்தக் கொடியை, 1975-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் வெப்பமண்டல நாடுகளுக்கேற்ற புரதப் பயிராக முன்னிறுத்தியது. எதிர்பார்த்த அளவுக்கு அது பரவவில்லை. பந்தல் தேவைப்படுவதும், நாம் நினைத்த மாதத்தில் பூக்க மறுப்பதும் அதற்குத் தடையாக நின்றவை.

இது பகல் குறையும்போது பூக்கும் செடி. சென்னையில் ஜூன் மாதத்தில் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம். டிசம்பரில் 11 மணி 20 நிமிடம். நமக்குப் பெரிதாகத் தெரியாத இந்த ஒன்றரை மணி நேர வேறுபாட்டைச் சிறகவரை கணக்கு வைத்துக்கொள்கிறது. தையில் விதைத்தால் கோடை முழுவதும் கொடி பந்தலை மூடி வளரும், ஒரு மொட்டுக்கூட வராது; பகல் சுருங்கும் புரட்டாசி, ஐப்பசியில்தான் நீல நிறப் பூ எட்டிப் பார்க்கும். அதற்குள் பொறுமையிழந்து அறுத்தெறிந்தவர்கள் பலர். ஆகவே கொடி பச்சையாக, ஆரோக்கியமாக இருந்தால் மாதத்தைப் பார்த்துக் காத்திருப்பதுதான் வைத்தியம். இடைப்பட்ட நாளில் கொழுந்திலையைக் கீரையாகப் பறித்துக்கொள்ளலாம். கொடியும் கட்டுக்குள் இருக்கும். புதிதாக விதைப்பவர் ஆடிப்பட்டத்தில், கெட்டியான விதைத்தோலைத் தரையில் லேசாக உரசி ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால், காத்திருக்கும் காலம் பாதியாகும்.

ஐப்பசி தாண்டியும் பூ இல்லையென்றால் இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கலாம். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும் செடிக்கு, மீன் அமிலமும் கோழி எருவும் சேர்த்து ஊட்டியிருந்தால் இலையாகவே போய்க்கொண்டிருக்கும். மற்றது தெருவிளக்கு. பந்தல்மேல் இரவு முழுவதும் வெளிச்சம் விழுந்தால் செடிக்கு இரவு இரவாகத் தெரிவதில்லை. என் தோட்டத்தில் வாசல் விளக்கை ஒட்டிய பந்தற்பக்கம் மட்டும் காலதாமதமாகப் பூத்ததைக் கண்டபின்தான் அந்த விளக்கை அணைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் வந்தது.

பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை

இது பழுபாகலின் குறை. சில ஊர்களில் மெழுகுபாகல் என்பார்கள். கசப்பில்லாத, முள் போன்ற மேல்தோல் கொண்ட இந்தக் காயின் கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. நர்சரியில் ஒரே ஒரு கிழங்கை வாங்கிவந்து நட்டால், அது ஆணாக இருந்தால் ஒருநாளும் காய்க்காது. பெண்ணாக இருந்தால் பிஞ்சு பிஞ்சாக மஞ்சளித்து உதிரும்.

பூக்கும்வரை ஆண் பெண் தெரியாது. பூத்தபின் இதழுக்குக் கீழே பார்த்தால் போதும். பெண்பூவுக்குக் கீழே மென்முட்கள் மூடிய பச்சைப் பொட்டு ஒன்று, காயின் சிற்றுருவாகவே இருக்கும். ஆண்பூவுக்குக் கீழே அது இருக்காது. காம்பில் தொப்பி போன்ற ஒரு சிற்றிலை பூவைத் தாங்கி நிற்கும். அன்றே ஆண்கொடியின் அடியில் வெள்ளை நூலும் பெண்கொடியின் அடியில் சிவப்பு நூலும் கட்டிவிட வேண்டும். கொடி காய்ந்து கிழங்கு மட்டும் மிஞ்சும்போது இந்த நூல்தான் சொல்லும். ஏறக்குறைய பத்துப் பெண்கொடிக்கு ஓர் ஆண்கொடி போதும். வீட்டளவில் ஓர் ஆணும் மூன்று நான்கு பெண்ணும் தாராளம்.

இரண்டும் இருந்தும் பிஞ்சு உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. பழுபாகல் பூ மாலை மயங்கும் வேளையில் விரிவது. நம் தோட்டத்துத் தேனீக்கள் அதற்குள் கூடடைந்துவிடுகின்றன. அந்தியில் விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிட வேண்டும். ஓர் ஆண்பூ மூன்று நான்கு பெண்பூவுக்கு வரும். ஓரிரு நாளில் காம்பு தடித்து நிமிர்ந்தால் பிடித்துவிட்டது. பத்துக் கொடிக்கு ஒரு மாலை வேளையில் கால் மணி நேரம் ஆகும் இந்த வேலை என் வீட்டில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தமானது.

பெண்கொடி அதிகம் வேண்டுமென்றால் விதையை நம்ப வேண்டாம், அதில் பாதி ஆணாகப் போகும். நல்ல பெண்கொடியின் கிழங்கையோ கொடித்துண்டையோ பதியம் போடுவதே வழி. மலைக்காட்டிலிருந்து கிழங்கைத் தோண்டிக் கொண்டுவருவதை நான் ஏற்பதில்லை. அங்கே ஒரு பெண்கொடி போனால் அதைச் சுற்றியிருந்த ஆண்கொடியும் வீணாகிறது.

பகலில் வாடுகிறது, இரவில் நிமிர்கிறது

மண் ஈரமாக இருந்தும் உச்சி வெயிலில் வாடி, மாலையில் தேறி, வாரங்கள் செல்லச் செல்லத் தேறுவதும் குறைந்தால் வேருக்குள் புகுந்து அதை வீங்கவைக்கும் நுண்புழுவான வேர்முடிச்சு நூற்புழுவை நினைக்க வேண்டும். சிறகவரை இதற்கு மிகவும் எளிதாக இரையாகும். ஆனால் அவரை இனத்தில் முடிச்சைக் கண்டதும் பயந்துவிடக்கூடாது. நல்ல முடிச்சும் உண்டு, கெட்ட முடிச்சும் உண்டு. ஒரு சிறு வேரைக் கழுவி உள்ளங்கையில் வைத்து, முடிச்சை நகத்தால் தள்ளிப் பார்க்கலாம். வேரின் பக்கவாட்டில் மணி போல ஒட்டியிருந்து எளிதில் உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்து சேர்க்கும் நல்ல முடிச்சு. வேரே வீங்கி, தாயத்துக் கட்டிய கயிறு போலத் திரண்டு, பிய்த்தால் வேரோடு பிய்ந்து வந்தால் அது நூற்புழு.

வந்துவிட்ட செடியை முழுதும் மீட்க இயலாது. வேரைச் சுற்றி ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு இட்டு, மக்கிய எருவோடு மூடாக்குப் போட்டால் அந்தப் பருவ அறுவடையை எடுத்துவிடலாம். பிறகு கொடியை வேரோடு அகற்றி, கத்திரி வெயிலில் பாத்தியைக் கொத்திப் புரட்டிக் காயவிட்டு, ஒரு பருவம் செண்டுமல்லி நட்டுவிட்டு, சிறகவரையை வேறிடத்தில் விதையிலிருந்து தொடங்க வேண்டும். பல்லாண்டுச் செடி என்பதற்காக அதே கிழங்கைப் பிடித்துத் தொங்குவதில் பொருளில்லை.

இலை சல்லடையாகிறது, தண்டில் வெள்ளை மாவு படிகிறது

தூதுவளையில் இலையின் பச்சை சுரண்டப்பட்டு, நரம்பு மட்டும் ஜன்னல் கம்பி போல நின்றால் கத்தரியைத் தாக்கும் அதே புள்ளி வண்டுதான். இதை நன்மை செய்யும் பொறிவண்டு என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. பொறிவண்டின் முதுகு மெருகிட்டது போலப் பளபளக்கும். இதன் முதுகு மெல்லிய மயிருடன் மங்கலான செம்பு நிறத்தில், 28 கரும்புள்ளிகளோடு இருக்கும். இதன் புழு மஞ்சளாக, உடலெங்கும் கிளைத்த முள்ளோடு இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். காலையில் வெயில் ஏறுமுன் இலையைத் திருப்பி, முட்டைக் குவியலையும் புழுவையும் சோப்பு நீரில் தட்டிவிட்டாலே வீட்டளவில் போதும். மிகுந்துவிட்டால் ஒரு லிட்டருக்கு 50 கிராம் இடித்த வேப்பம் பருப்பை ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்பு கரைத்து மாலையில் தெளிக்கலாம்.

மாவுப்பூச்சிக்கு முதலில் எறும்பைத் தேட வேண்டும். அது சுரக்கும் தேன்நீருக்காக எறும்புகள் காவல் காக்கும்போது எந்த நல்ல பூச்சியும் அருகில் வராது. எறும்பு ஏறும் பந்தற்காலில் வேப்ப எண்ணெய் தோய்த்த துணியைச் சுற்றி, மாவுப்பூச்சியை அழுத்தமான நீர்வீச்சால் கழுவிவிட்டுச் சில நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் சூறையாடியபோது, தெளித்த நஞ்சுகள் அதை அடக்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட ஒரு சிறு குளவிதான் அடக்கியது. அதன் வழிவந்தவை இன்றும் நம் தோட்டங்களில் இருக்கக்கூடும். கடுமையான மருந்து முதலில் கொல்வது அவற்றைத்தான்.

மேலே கொத்து இலை, அடியில் மொட்டைத் தண்டு

தவசிக்கீரை ஆளுயரம் போய் உச்சியில் மட்டும் இலை வைத்திருந்தால், இலையை உருவிப் பறித்திருக்கிறோம் என்று அர்த்தம். உருவுவதற்குப் பதிலாக நுனியை ஒரு சாண் நீளத்துக்குத் தண்டோடு ஒடித்துப் பறித்தால் கீழ்க்கணுக்கள் கிளைக்கும். ஏற்கெனவே உயர்ந்துவிட்ட செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டலாம். ஒரே நாளில் எல்லாத் தண்டையும் வெட்டாமல், மூன்றில் ஒன்றை இலையோடு விட்டு, மற்றவை துளிர்த்தபின் அதையும் வெட்டுவது பாதுகாப்பு. வெட்டிய தண்டுகள் அண்டை வீட்டுக்குப் போத்தாகும்.

வாங்கிவந்ததே தவசிக்கீரை தானா என்ற ஐயமும் சிலருக்கு வரும். தவசு முருங்கை என்ற பெயரில் வேறொரு மூலிகையும் நம் ஊரில் உண்டு, விற்பவர்களே குழப்பிவிடுகிறார்கள். கீரையில் இலைகள் தண்டின் இருபக்கமும் மாறி மாறி வரும். மூலிகையில் எதிரெதிராக இரண்டிரண்டாக வரும். இந்த ஒன்றே போதும்.

சமைத்தபின் கசக்கிறது, தொண்டை அரிக்கிறது

பிரண்டை அரிப்பதற்கு அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களே காரணம். முற்றிய தண்டில் நாரும் அரிப்பும் மிகும். நுனியிலிருந்து மூன்று நான்கு கணுக்களை மட்டும் ஒடித்து, கையில் நல்லெண்ணெய் தடவி நார் உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால் தொல்லை இல்லை. நறுக்கென்று ஒடியாத கணுவைத் துவையலுக்கு எடுக்கக்கூடாது.

சாயா இலையில் சயனைடை வெளிவிடும் பொருள் இருப்பதால் அதைப் பச்சையாக உண்ணவே கூடாது. திறந்த பாத்திரத்தில் 15 முதல் 20 நிமிடம் கொதிக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். தவசிக்கீரையையும் சமைத்து, அளவோடு, கூட்டாகவோ பொரியலாகவோ உண்பதே முறை. 1990-களின் நடுப்பகுதியில் தைவானில் உடல் இளைப்பதற்காக இதன் பச்சைச் சாற்றை நாள்தோறும் குடித்த பலருக்கு நுரையீரலின் நுண்குழல்கள் மீளாத பாதிப்புக்கு உள்ளாயின. சத்து மிகுந்த கீரை என்ற புகழைக் கேட்டு மிக்ஸியில் அடித்துக் குடிக்கும் பழக்கம் இப்போது நம்மிடமும் பரவுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

காய்வள்ளி கசந்தால் தயக்கமே வேண்டாம், கொட்டிவிட வேண்டும். உண்ணும் வகையும் நஞ்சுள்ள காட்டு வகையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. தோற்றத்தை மட்டும் வைத்து உறுதியாகப் பிரித்துவிட முடியாது. உண்பவர் ஒருவரின் தோட்டத்திலிருந்து, அவர் சமைத்து உண்ட கொடியின் காயையே நடுவதுதான் நம்பகமான வழி. தண்டு உருண்டையாக, இலை மாறி மாறி இருந்தால் காய்வள்ளி. தண்டு நான்கு பட்டையாகச் சிறகு வைத்து, இலை எதிரெதிராக இருந்தால் அது பெருவள்ளி.

நட்ட இடத்தில் நிற்காமல் தோட்டமெங்கும் முளைக்கிறது

இது காய்வள்ளி நன்றாக வளர்ந்ததன் விளைவு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இக்கொடி மரங்களையே மூடி, அரசே ஒழிக்கப் பாடுபடும் களையாகிவிட்டது. நம் மண்ணுக்கு உரியதென்றாலும் வேலிக்கு வெளியே விட்டுவைப்பது சரியல்ல. இலை வெளிறத் தொடங்கும் மார்கழியில், காய் தானாக உதிர்வதற்கு முன், பந்தலுக்கடியில் பழைய சேலையை விரித்துக் கொடியை உலுக்கி எல்லாவற்றையும் சேகரித்துவிட வேண்டும். சுண்டுவிரல் நுனியளவு சிறுகாயும் முளைக்கும் என்பதால், சருகைக் கூட்டும்போது அதைக் குப்பைக்குழியில் சேர்க்காமல் வேகவைத்துக் கோழிக்கோ மாட்டுக்கோ போடலாம். விதைக்கென்று பிறருக்குக் கொடுக்கும் காயின்மேல், எந்த ஆண்டு பறித்தது, சமைத்தபோது கசந்ததா இல்லையா என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டிக் கொடுக்க வேண்டும். கசந்த கொடியைக் கிழங்கோடு தோண்டி வெயிலில் உலர்த்தி எரித்துவிடலாம்.